பிரெக்ஸிட் பேச்சுவார்த்தை: உண்மையில் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது?

நிலவன்_கோவை:

வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் தேதி வரிசையாகவே இருக்கிறது. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பு, 51.9 சதவீதம் வெளியேறச் சொன்னது, கேமரன் போனார், தெரசா மே வந்தார், அவரும் போய் போரிஸ் ஜான்சன் வந்தார், 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். இதுவரை சரி.

எனக்குப் புரியாதது வேறு. இவ்வளவு பெரிய அரசு இயந்திரம் வைத்திருந்த நாடு, தனக்கு என்ன வேண்டும் என்பதையே ஏன் மேசையில் தெளிவாக வைக்கவில்லை? எல்லாப் பேச்சும் கடைசியில் அயர்லாந்து எல்லையில் போய் ஏன் முட்டி நின்றது? ஒப்பந்தத்தை மூன்று முறை தோற்கடித்த நாடாளுமன்றம், மாற்று வழி ஒன்றையாவது ஏன் ஏற்கவில்லை? கடைசியில் வரியே இல்லாத வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் லாரிகள் ஏன் திருப்பி அனுப்பப்பட்டன? விவரமாகத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி.

தேம்ஸ்கரை:

நிலவன், நான்கு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். லண்டன் அரசு ஒரே நேரத்தில் மூன்று வாக்குறுதி கொடுத்தது. ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டிலிருந்தும் விலகுவோம் என்பது முதலாவது. வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சாவடி வராது என்பது இரண்டாவது. வடக்கு அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் நடுவிலும் தடை வராது என்பது மூன்றாவது. இதில் எந்த இரண்டையும் காப்பாற்றலாம். மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற வழியே கிடையாது. இரண்டு பக்கமும் வரியும் விதியும் வேறானால், சரக்கை எங்காவது ஓர் இடத்தில் நிறுத்திப் பார்த்தே ஆகவேண்டும். நிலத்தில் இல்லையென்றால் கடலில். எதைக் கைவிடுவது என்று சொல்லாமல் இரண்டரை ஆண்டு தள்ளிப்போட்டார்கள். குழப்பம் என்று நாம் பார்த்தது அந்தத் தள்ளிப்போடலைத்தான்.

வேலையைச் செய்த வரிசையும் தலைகீழ். 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் மே முதல் வாக்குறுதியைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டார். அதனால் அயர்லாந்தில் என்ன ஆகும் என்பதற்கு அப்போது கையில் திட்டம் எதுவும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் நடைமுறையை உள்ளும் புறமும் அறிந்த, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பிரிட்டன் தூதர் ஐவன் ரோஜர்ஸ் அதே மாதத் தொடக்கத்தில் பதவி விலகியிருந்தார். மார்ச் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின் கீழ் விலகல் கடிதம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவின்படி இரண்டு ஆண்டு முடிந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுப்பினர் தகுதி தானாகப் போய்விடும். காலநீட்டிப்பு வேண்டுமென்றால் மீதி 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்கவேண்டும். அதாவது கடிகாரத்தை ஓடவிடுவது மட்டுமே பிரிட்டன் கையில் இருந்தது, நேரம் கூட்டுவது எதிர்த்தரப்பின் கையில். என்ன கேட்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே கொடுக்கவேண்டிய கடிதம் அது.

கொடுத்த மூன்றாம் வாரமே மே தேர்தலை அறிவித்தார். ஜூன் 8 தேர்தலில் இருந்த பெரும்பான்மையும் போனது. பேச்சுவார்த்தை தொடங்கியது ஜூன் 19. இரண்டு ஆண்டில் 82 நாள் இப்படியே கரைந்தது. பழமைவாதக் கட்சிக்கு 317 இடம், ஆட்சி நிற்க, பிரிட்டனோடு இணைந்தே இருக்கவேண்டும் என்னும் வடக்கு அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சியின் 10 இடம். மூன்றாவது வாக்குறுதியில் கைவைத்தால் முதலில் எழுந்து நிற்கக்கூடிய கட்சி அதுதான். ஆட்சியின் உயிர் அவர்கள் கைக்குப் போனது.

சுங்க ஏற்பாடு பற்றிய முதல் அரசு அறிக்கை வந்தது 2017 ஆகஸ்ட் 15 அன்று. அதிலும் ஒரு திட்டம் இல்லை, இரண்டு திட்டம். 2018 மே மாதத்தில்கூட அமைச்சரவை இரண்டு குழுவாகப் பிரிந்து இவ்விரண்டில் எது தேறும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. தொழில்நுட்பத்தை நம்பிய திட்டத்தால் வணிகர்களுக்கு ஆண்டுக்கு 1,700 முதல் 2,000 கோடி பவுண்டு வரை செலவாகும் என்று வரித்துறைத் தலைவர் நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். ஜூலை 6 அன்று பிரதமரின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில்தான் ஒரே நிலைப்பாடு எட்டப்பட்டது. மூன்று நாளுக்குள் பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸும் வெளியுறவு அமைச்சர் ஜான்சனும் பதவி விலகினார்கள். செப்டம்பரில் சால்ஸ்பர்க்கில் ஐரோப்பியத் தலைவர்கள் அந்தத் திட்டத்தை நிராகரித்தார்கள். கடிதம் கொடுத்து அதற்குள் 18 மாதம் ஆகியிருந்தது.

சுங்கவழி:

அயர்லாந்து எல்லைக் கேள்விக்கு என் பங்கு. ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் ஒன்று என்று நினைப்பதால்தான் பலருக்கு இது புரிவதில்லை. அப்போதைய லண்டன் அமைச்சர்கள் சிலரின் பேச்சிலும் இந்தக் குழப்பம் இருந்தது.

சுங்க ஒன்றியம் என்றால் உள்ளே வரி கிடையாது, வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரி. எனவே 'இந்தச் சரக்கு எந்த நாட்டில் தயாரானது' என்று எல்லையில் கேட்கவேண்டியதில்லை. ஒற்றைச் சந்தை என்றால் பொருளின் தரம், உணவுப் பாதுகாப்பு, கால்நடை நலம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி, ஒரே நீதிமன்றம். எனவே 'இந்த இறைச்சி எங்கள் விதிப்படி அறுத்ததா' என்று கேட்கவேண்டியதில்லை. எல்லையில் ஆளே இல்லாமல் இருக்க இரண்டும் வேண்டும்.

ஒன்று மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே உதாரணம் உண்டு. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் சுவீடன் எல்லையில் ஸ்வினெசுண்ட் என்ற இடத்தில் லாரிகள் நின்று சுங்கத் தாள் காட்டுகின்றன. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒத்துழைப்பதால் விரைவாக முடிகிறது, ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். துருக்கிக்குத் தொழிற்பொருள்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியம் உண்டு, ஒற்றைச் சந்தை இல்லை. பல்கேரிய எல்லையிலுள்ள காப்பிகுலேயில் லாரி வரிசை நீளமாக நிற்பது வழக்கமான காட்சி.

இப்போது அயர்லாந்துக்கு வாருங்கள். எல்லை சுமார் 500 கிலோமீட்டர். அதைக் குறுக்கே கடக்கும் சாலைகள் 200க்கு மேல். சில பண்ணைகளுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. பால் ஒரு பக்கம் கறந்து மறுபக்கம் பதப்படுத்தப்படுகிறது. வடக்கு அயர்லாந்து மோதலை முடித்துவைத்த 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு ராணுவச் சாவடிகள் அகன்ற எல்லை அது. அங்கே ஒரு கேமரா கம்பம் நட்டாலும் அது தாக்குதலுக்கு இலக்காகும் என்று காவல்துறையே கவலைப்பட்டது. கேமரா, முன்பதிவு, நம்பகமான வணிகர் பட்டியல் என்று சொன்ன தீர்வுகள் எல்லாம் சோதனையின் எண்ணிக்கையைக் குறைக்கும். அங்கே எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாகவேண்டும். அப்படி ஓர் எல்லை, இரண்டு வேறு சுங்கப் பகுதிகளுக்கு நடுவே, உலகில் எங்கும் இல்லை.

மாலதி இரா.:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் முழுப் பழியையும் லண்டன் மீது போடுவதை நான் ஏற்கவில்லை. 50ஆம் பிரிவின் வாசகமே, எதிர்கால உறவின் சட்டகத்தைக் கணக்கில் கொண்டு விலகல் ஒப்பந்தம் செய்யவேண்டும் என்கிறது. 27 நாடுகளோ 2017 ஏப்ரல் 29 அன்று வேறு வரிசை வகுத்தன: குடிமக்கள் உரிமை, பணக் கணக்கு, அயர்லாந்து ஆகிய மூன்றிலும் போதிய முன்னேற்றம் வந்த பிறகே வர்த்தகம். எல்லையில் எவ்வளவு சோதனை வேண்டும் என்பது வர்த்தக உறவு எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்தது. அதைப் பேசாமலே எல்லையை முடிக்கச் சொன்னால், மிக மோசமான நிலையை மனதில் வைத்துத்தான் எழுதமுடியும். வேறு தீர்வு கிடைக்காவிட்டாலும் அயர்லாந்து எல்லையில் சாவடி வராமல் தடுக்கும் 'பேக்ஸ்டாப்' என்ற காப்பு ஏற்பாடு இவ்வளவு கடினமாக வந்ததற்கு இதுவும் காரணம்.

இந்த வரிசையை எதிர்த்துக் கோடை முழுக்கச் சண்டை போடப்போவதாக டேவிஸ் சொல்லியிருந்தார். முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அது லண்டனின் தவறு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

2017 டிசம்பர் 4ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகப் பாருங்கள், முழுச் சிக்கலும் அந்த ஒரு நாளில் இருக்கிறது. மே பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கருடன் மதிய உணவில் இருக்கிறார். கூட்டறிக்கை வரைவு தயார். வடக்கு அயர்லாந்தின் விதிகள் தெற்கின் விதிகளோடு ஒத்தே இருக்கும் என்ற வாசகம் அதற்குள் அயர்லாந்து ஊடகத்தில் வெளியாகிவிட்டது. டி.யூ.பி. தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர் பெல்ஃபாஸ்டில் நிருபர்கள் முன் வந்து, பிரிட்டனின் மற்ற பகுதியிலிருந்து எங்களைப் பிரிக்கும் எதையும் ஏற்கமாட்டோம் என்கிறார். மே உணவுக்கு நடுவே எழுந்துபோய் அவரோடு தொலைபேசியில் பேசுகிறார். பேச்சு பலிக்கவில்லை. கையெழுத்து ஆகவேண்டிய நேரத்தில் இருவரும் வெறுங்கையோடு நிருபர்களைச் சந்திக்கிறார்கள். தன் ஆட்சியைத் தாங்கும் கட்சியிடம் வரைவு வாசகத்தைக் காட்டிச் சம்மதம் வாங்காமல் பிரதமர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் விஷயம்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, அறிக்கை வந்தது. எப்படி? 49ஆம் பத்தி, வேறு தீர்வு கிடைக்காவிட்டால் எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்குத் தேவையான ஐரோப்பிய விதிகளோடு பிரிட்டன் முழுமையாக ஒத்துப்போகும் என்றது. 50ஆம் பத்தி, வடக்கு அயர்லாந்துக்கும் மற்ற பகுதிக்கும் நடுவே புதிய ஒழுங்குமுறைத் தடை வராது என்றது. டப்ளின் முதலாவதைப் படித்து மகிழ்ந்தது, பெல்ஃபாஸ்ட் இரண்டாவதை. 2018 பிப்ரவரி 28 அன்று ஐரோப்பிய ஆணையம் இதைச் சட்ட வாசகமாக எழுதியபோது 49 மட்டுமே உள்ளே இருந்தது. எந்தப் பிரிட்டன் பிரதமரும் இதற்குச் சம்மதிக்கமுடியாது என்று மே கொதித்தார். 2019 அக்டோபர் 17 அன்று ஜான்சன் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, சாராம்சத்தில், அந்தப் பிப்ரவரி வரைவுக்கு மிக நெருக்கமானது. சட்டப்படி வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் சுங்கப் பகுதியில்தான் இருக்கும், இந்த ஏற்பாடு தொடரவேண்டுமா என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்குள்ள பேரவை வாக்களிக்கலாம் என்ற இரண்டும் சேர்ந்தன. ஆனால் சோதனை கடலுக்குப் போனது.

நிலவன்_கோவை:

மிக்க நன்றி. இப்போது அந்த மூன்று வாக்குறுதியின் கணக்கு பிடிபடுகிறது. நாடாளுமன்றம் மட்டும் இன்னும் புரியவில்லை. மே கொண்டுவந்ததும் வேண்டாம், ஒப்பந்தம் இல்லாமல் போவதும் வேண்டாம், இன்னொரு வாக்கெடுப்பும் வேண்டாம் என்றால் எப்படி?

புதுகை அன்பன்:

தலைவரே, அதற்குக் காரணம் வாக்களித்த முறைதான். 2018 நவம்பரில் வந்த 585 பக்க ஒப்பந்தத்தில் மே செய்த மாற்றம் இது: வடக்கு அயர்லாந்தை மட்டும் தனியாக விடாமல், மாற்றுத் தீர்வு வரும்வரை முழுப் பிரிட்டனும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியில் இருக்கும். முதல் வாக்குறுதியைக் கொஞ்சம் விட்டு மூன்றாவதைக் காப்பாற்றும் முயற்சி. ஆனால் தன்னிச்சையாக வெளியேற வழி இல்லை. தலைமை வழக்கறிஞர் ஜெஃப்ரி காக்ஸின் ஆலோசனையை வெளியிட அரசு மறுத்தது. நாடாளுமன்றத்தை அரசு அவமதித்தது என்ற தீர்மானம் நிறைவேறிய மறுநாள், டிசம்பர் 5 அன்று, வேறு வழியின்றி வெளியிட்டது. மாற்று ஒப்பந்தம் வராவிட்டால் இந்த ஏற்பாடு காலவரையின்றி நீடிக்கும் என்று அதில் இருந்தது. சொந்தக் கட்சியின் கடும்போக்கு உறுப்பினர்களிடம் ஒப்பந்தம் அன்றே செத்தது.

2019 ஜனவரி 15 அன்று ஆதரவு 202, எதிர்ப்பு 432. சொந்தக் கட்சியிலேயே 118 பேர் எதிர்த்தார்கள். மார்ச் 12 அன்று 242க்கு 391. அன்று காலை, சட்ட ரீதியான ஆபத்து மாறவில்லை என்று காக்ஸ் மறுபடி எழுதியது பெரிய அடி. மார்ச் 29 அன்று 286க்கு 344.

நடுவில் மார்ச் 27 அன்று உறுப்பினர்களே நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்து எட்டு மாற்று வழிக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். எட்டுமே தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழி. சுங்க ஒன்றியம் 273க்கு 276, மூன்றே வாக்கில் போனது. மறு பொதுவாக்கெடுப்பு 280க்கு 292. நார்வே போன்ற ஏற்பாடு 261க்கு 282.

ஏன் எதுவும் தேறவில்லை? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று கேட்டார்கள். எத்தனைக்கு வேண்டுமானாலும் ஆம் போடலாம். ஆனால் மறு வாக்கெடுப்பு கேட்டவர்களில் பலர், சுங்க ஒன்றியம் ஜெயித்தால் தங்கள் வழி அடைபடும் என்று அதற்கு ஆதரவு தரவில்லை. மறுபக்கமும் அப்படியே. அமைச்சரவை ஒட்டுமொத்தமாக ஒதுங்கிக்கொண்டது. விருப்ப வரிசை போட்டு, கடைசியில் வருவதைக் கழித்துக்கொண்டே போகும் முறையில் எண்ணியிருந்தால் ஏதோ ஒன்று கட்டாயம் மிஞ்சியிருக்கும். அந்த யோசனையை முன்வைத்தவர்களும் இருந்தார்கள். காலம் போதவில்லை.

எதிர்க்கட்சித் தலைமையையும் சொல்லவேண்டும். ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் இருப்பதால் கிடைக்கும் அதே பலன்கள் வெளியேறிய பிறகும் வேண்டும் என்பது தொழிலாளர் கட்சியின் ஆறு நிபந்தனைகளில் ஒன்று. வெளியேறுபவருக்குக் கிடைக்கவே முடியாத ஒன்றை நிபந்தனையாக்கி எல்லா ஒப்பந்தத்தையும் எதிர்க்க வழி வைத்துக்கொண்டார்கள். நாட்டுக்கு அது நல்லது செய்யவில்லை.

நிலவன்_கோவை:

அன்பன், நன்றி. விருப்ப வரிசை விஷயம் வேறு எங்கும் படித்ததில்லை. கடைசியாக லாரிக் கேள்விக்கு யாராவது வரவேண்டும்.

சுங்கவழி:

வருகிறேன். 2020 டிசம்பர் 24 அன்று முடிந்த ஒப்பந்தத்தில் வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடு பூஜ்யம். ஆனால் நான் முன்பு சொன்ன இரண்டு கேள்வியும், எங்கே தயாரானது, எந்த விதிப்படி தயாரானது, 2021 ஜனவரி 1 முதல் உயிரோடு வந்துவிட்டன.

முதல் கேள்விக்குத் திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும் உதாரணம். இங்கிருந்து பின்னலாடை இங்கிலாந்துக் கிடங்குக்குப் போகிறது. அங்கே இறக்குமதி வரி கட்டி உள்ளே எடுக்கிறார்கள். பிறகு அதில் ஒரு பகுதியை டப்ளின் கடைக்கு அனுப்புகிறார்கள். பூஜ்ய வரி, பிரிட்டனில் தயாரான பொருளுக்கு மட்டும். இந்தச் சட்டை அங்கே தயாராகவில்லை, பெட்டி மாற்றி ஒட்டுவது உற்பத்தி ஆகாது. எனவே அயர்லாந்தில் மறுபடியும் வரி. டி-ஷர்ட்டுக்கு ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம், சலுகை இருந்தால் குறையும். இதைத் தவிர்க்க வழி இரண்டு. இங்கிலாந்தில் சுங்க வரி கட்டாமல் சுங்கக் கிடங்கில் வைத்து, டி1 எனப்படும் கடவுத் தாளில் நேரே ஒன்றியத்துக்கு அனுப்பலாம். இல்லையென்றால் ஏற்றுமதியின்போதே சரக்கைப் பிரித்து, ஒன்றியத்துக்கு உரியதை ராட்டர்டாம் போன்ற துறைமுகத்துக்கு நேராக அனுப்பவேண்டும். இரண்டாவதுதான் மலிவு, ஆர்டர் பிரிவு முன்கூட்டியே தெரிந்திருந்தால். பிரிட்டனிலேயே தயாரான பொருளுக்கும் பூஜ்ய வரி தானாக வராது; விலைப்பட்டியலில் ஏற்றுமதியாளர் தன் ஈ.ஓ.ஆர்.ஐ. என்ற சுங்கப் பதிவு எண்ணோடு மூல நாட்டு உறுதிமொழி எழுதியிருக்கவேண்டும். அந்த வாசகம் விடுபட்டால் முழு வரி.

இரண்டாவது கேள்வி உணவுச் சரக்கைத் தாக்கியது. ஸ்காட்லாந்திலிருந்து பல வணிகர்களின் மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி ஒரே லாரியில் போவது வழக்கம். இப்போது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் தனி ஏற்றுமதிச் சுகாதாரச் சான்று, கால்நடை மருத்துவர் போன்ற அரசு அங்கீகரித்த அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும். கையெழுத்து, அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்கவேண்டும். சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் படிவம் வேண்டும், பிரான்ஸின் கலே துறைமுகம் வழியாகப் போனால் பிரெஞ்சு. ஐரோப்பிய இணையத்தளத்தில் முன்னறிவிப்பு கொடுத்திருக்கவேண்டும். ஒரு வணிகரின் தாளில் ஒரு பக்கம் விடுபட்டாலும் முழு லாரியும் நிற்கும், மற்ற எல்லோருடைய மீனும் அழுகும். 2021 ஜனவரியில் நடந்தது இதுதான். சரக்குக்கு அடியில் வைக்கும் மரப் பலகை அடுக்குகூட 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும்.

உறையவைக்காத பச்சை சாசேஜ் போன்ற இறைச்சித் தயாரிப்பை வெளிநாட்டிலிருந்து ஒன்றியம் அனுமதிப்பதே இல்லை. கடல் எல்லை காரணமாக இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு அதை அனுப்புவதே தடைப்படும் நிலை வந்தது. சலுகைக் காலத்தை நீட்டிக்கொண்டே போய், 2023 பிப்ரவரி 27 விண்ட்சர் உடன்பாட்டில்தான் ஒரு வழி பிறந்தது. வடக்கு அயர்லாந்திலேயே விற்கும் பொருளுக்குப் பச்சை வழி, குறைந்த தாள், உறையில் 'ஒன்றியத்துக்கு அல்ல' என்ற அச்சு. குடியரசுக்குள் போகக்கூடியதற்குச் சிவப்பு வழி, முழுச் சோதனை.

இதெல்லாம் முன்பே தெரியாதா என்றால், தெரியும். ஆண்டுக்கு 5.5 கோடியாக இருந்த சுங்க அறிவிப்புகள் 25.5 கோடி ஆகலாம் என்று வரித்துறையே 2017இல் கணித்திருந்தது. ஒரு லாரிக்கு இரண்டு நிமிடம் கூடினால் 27 கிலோமீட்டர் வரிசை நிற்கும் என்று டோவர் துறைமுகம் சொன்னது. 2019 ஜனவரியில் கென்ட் மாவட்டத்து மான்ஸ்டனில் ஒத்திகை நடத்தினார்கள். வந்தது 89 லாரி. டோவரில் ஒரு நாளைக்கு 10,000 லாரி வரை போகும். பேச்சுவார்த்தை எங்கே போய் முடியும் என்று அரசே சொல்லாதபோது எந்தக் கிடங்கைக் கட்டுவது, எத்தனை கால்நடை மருத்துவரை எடுப்பது என்று கீழே இருப்பவர்கள் முடிவெடுக்க வழியில்லாமல் போனது.

ஒன்றியத்திலிருந்து வரும் உணவுச் சரக்கு மீதான பிரிட்டனின் சொந்த நேரடிச் சோதனை பலமுறை தள்ளிப்போய் 2024 ஏப்ரல் 30 அன்றுதான் தொடங்கியது. 2025 மே 19 லண்டன் மாநாட்டில், ஐரோப்பிய உணவு விதிகளை அவை மாறும்போதெல்லாம் தானும் பின்பற்றும் உடன்பாட்டுக்குப் பேசுவதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அது நடைமுறைக்கு வந்தால் மேலே சொன்ன சுகாதாரச் சான்றுகளில் பெரும்பாலானவை போய்விடும். மூல நாட்டு உறுதிமொழியும் சுங்க அறிவிப்பும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை சுங்க ஒன்றியத்தின் கேள்வி. திருப்பூர்ச் சரக்கைப் பிரித்து அனுப்புபவர்கள் அதற்குப் பிறகும் பிரித்தே அனுப்பவேண்டும்.